பூச்சுப் பூசினால் போதுமா? குளியலறை டைல்ஸை உடைக்க வேண்டிய நேரம் எது?

“உடைக்கத் தேவையில்லை, தூசு இல்லை, மூன்றே நாளில் உங்கள் குளியலறை புதிதாகிவிடும்.” பழைய டைல்ஸின் மேல் இரசாயனப் பூச்சுப் பூசிப் புதிதாக்கித் தரும் தொழில் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களைத் தாண்டி இப்போது வன்னிப் பக்கமும் வந்துவிட்டது. செட்டிகுளத்தில் ஹாட்வெயார் வியாபாரத்தோடு தொடர்புடையவன் என்பதால் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: “நானா, இதற்குப் பூச்சுப் பூசினால் போதுமா, இல்லாவிட்டால் உடைத்துத்தான் செய்ய வேண்டுமா?”

இக்கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. பூச்சு என்பது மோசடியும் அல்ல, மந்திரமும் அல்ல. அதற்கென்று ஓர் இடமுண்டு. அந்த இடத்தைத் தாண்டி அதைப் பூசுவதுதான் பணத்தை நீரில் கரைப்பதாகும். சிரமப்பட்டுச் சேர்த்த காசு இவ்வாறு போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் இதனை எழுதுகிறேன்.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

நமது பிரதேசத்தின் வீடுகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2009 ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் செட்டிகுளத்தில்தான் இருந்தது. 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினரும் யுத்தம் முடிந்த பின்னரே ஊர் திரும்பி வீடு கட்டத் தொடங்கினர். இந்திய வீட்டுத் திட்டத்தில் 2012 முதல் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. வேறு உதவித் திட்டங்களும் வந்தன. எல்லோருமே ஏறத்தாழ ஒரே காலத்தில் கட்டினார்கள். மேசன்மாருக்குத் தட்டுப்பாடு. தவணைப் பணம் கைக்கு வருமுன் வேலையை முடித்துக் காட்ட வேண்டிய அவசரம் வேறு. அத்திவாரத்துக்குள் போட்ட மண்ணை நனைத்து இடித்து இறுக்கவோ, பூச்சு வேலையை உரிய நாட்கள் நீர் ஊற்றிப் பதப்படுத்தவோ பலருக்கு நேரம் இருக்கவில்லை. பிறகு மத்திய கிழக்கிலிருந்து வந்த பணத்தில் குளியலறை சேர்க்கப்பட்டு, டைல்ஸும் பதிக்கப்பட்டது.

அந்தக் குளியலறைகளுக்கு இப்போது பத்து, பன்னிரண்டு வயது. திருத்த வேண்டிய நேரம் வந்தபோது 2020 இல் டைல்ஸ் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த ஐம்பது கிலோ சீமெந்து மூடை, 2022 பொருளாதார நெருக்கடியில் மூவாயிரத்தைத் தொட்டது. ஆகவே திருத்த வேலைகள் பின்போடப்பட்டன. பின்போட்ட வேலை இப்போது கதவைத் தட்டும்போது, “உடைக்காமல் செய்கிறோம்” என்ற வாசகம் காதுக்கு இனிமையாக இருப்பதில் வியப்பில்லை.

நமது நீரும் ஆசிட் போத்தலும்

வன்னியின் கிணற்று நீரும் குழாய்க் கிணற்று நீரும் பெரும்பாலும் கடினமானவை. குடிநீரில் கடினத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இலங்கைத் தர நிர்ணயம். நம் பக்கத்துக் கேத்தல்களின் அடியில் படியும் வெள்ளைக் கல்லைப் பார்த்தாலே நமது நீரின் நிலை விளங்கும். அதே கல்தான் குளியலறைச் சுவரிலும் படிகிறது. டைல்ஸ் மங்குகிறது, வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன.

அதைப் போக்க நாம் செய்வது என்ன? கடையில் ஒரு போத்தல் ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்க்கிறோம். கல் கரைந்துவிடும், உண்மைதான். ஆனால் டைல்ஸுக்கு இடையிலுள்ள சீமெந்து மூட்டும் அதே சுண்ணாம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை. படிந்த கல்லைக் கரைக்கும் ஆசிட், மூட்டையும் சேர்த்துத்தான் கரைக்கிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் இவ்வாறு தேய்த்தால், சில வருடங்களில் மூட்டு குழியாகி, அதன் வழியே நீர் டைல்ஸின் பின்னால் இறங்குகிறது. சுவர் டைல்ஸ் பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் அதன் உடல் நீரை உறிஞ்சக்கூடியது. தன் எடையில் பத்து வீதத்துக்கு மேல் நீர் குடிக்கும் வகை அது. தரைக்குப் பாவிக்கும் போசலின் வகையோ அரை வீதத்தைத் தாண்டாது. நீர் பின்னால் சென்றதும் ஒட்டியிருந்த கலவை பலமிழக்கிறது. அதன்பிறகு டைல்ஸ் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பக்கத்து டைல்ஸில் சாய்ந்துகொண்டிருக்கிறது.

பூச்சு எதைச் செய்யும், எதைச் செய்யாது?

இப்பூச்சுகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபொக்சி அல்லது அதையொத்த வகையைச் சேர்ந்தவை. டைல்ஸின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய், சவர்க்காரம் எல்லாம் போக்கி, நன்கு உலரவைத்துப் பூச வேண்டும். பின் இரண்டு மூன்று நாட்கள் நீர் படக்கூடாது. ஒழுங்காகச் செய்தால் மங்கிய நிறம் மாறும், கறை மறையும், மேற்பரப்புக் கழுவ இலகுவாகும்.

ஆனால் அது ஒரு தோல் மாத்திரமே. கழன்ற டைல்ஸைச் சுவரோடு ஒட்டாது. தரையின் வாட்டத்தைத் திருத்தாது. சுவருக்குள் ஒழுகும் பைப்பை அடைக்காது. பின்னாலிருந்து ஈரம் தள்ளினால் அந்தத் தோல் கொப்புளம் போட்டு உரியும். இன்னொன்று: பளபளப்பான பூச்சைத் தரையில் பூசினால் வழுக்கும். வயதான உம்மாவும் வாப்பாவும் உள்ள வீட்டில் இது சின்ன விடயமல்ல.

உடைப்பதா, பூசுவதா என்று அறிய ஐந்து சோதனைகள்

இவற்றுக்குச் செலவு இல்லை. எந்த வேலையாளையும் அழைக்குமுன் வீட்டுக்காரரே செய்யலாம்.

ஒன்று, தட்டிப் பாருங்கள். ஒரு நாணயத்தாலோ சுத்தியல் பிடியாலோ ஒவ்வொரு டைல்ஸையும் மெதுவாகத் தட்டுங்கள். இறுக்கமான சத்தம் என்றால் நல்லது. பானையைத் தட்டியதுபோல வெற்றுச் சத்தம் என்றால் பின்னால் பிடிப்பில்லை. பென்சிலால் அடையாளமிட்டுக் கொண்டே போங்கள். முடிவில் எங்கே அடையாளம் கூடியிருக்கிறது என்று பார்த்தால் நோய் இருக்கும் இடம் தெரியும்.

இரண்டு, சுவரின் மறுபக்கத்தைப் பாருங்கள். குளியலறைக்கு அடுத்த அறையில் பெயின்ட் பொருமுகிறதா, சுவர் அடியில் வெள்ளை உப்புப் பூக்கிறதா, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சண வாடை வருகிறதா? ஆம் என்றால் நீர் ஏற்கனவே சுவரைக் கடந்துவிட்டது.

மூன்று, தரையைச் சோதியுங்கள். நீர் போகும் துவாரத்தைத் துணியால் அடைத்து ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பி, மட்டத்தை அடையாளமிட்டு ஒரு நாள் விடுங்கள். மட்டம் தெளிவாக இறங்கினாலோ வெளிச்சுவரின் அடி நனைந்தாலோ தரை ஒழுகுகிறது.

நான்கு, வெடிப்பின் வடிவத்தைப் பாருங்கள். ஒரு டைல்ஸில் மாத்திரம் வெடிப்பு என்றால் ஏதோ விழுந்திருக்கலாம். ஒரே கோடாகப் பல டைல்ஸைக் கடந்து வெடிப்புப் போனால், அசைவது டைல்ஸ் அல்ல, அதன் அடியிலுள்ள தரையோ சுவரோதான்.

ஐந்து, ஒரு சதுர அடி பொலித்தீனை மூட்டுகளின் மேல் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, குளியலறையைப் பாவிக்காமல் ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் நீர்த்துளிகள் இருந்தால், அந்தச் சுவர் இப்போது பூச்சுக்குத் தயாரில்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நமது மாரி காலத்தில் பூச்சு வேலையை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே புத்தி.

தீர்ப்பு எப்படி?

ஐந்திலும் குறையில்லை, முகம் மாத்திரம் மங்கியுள்ளது என்றால் தாராளமாகப் பூசுங்கள். வெற்றுச் சத்தம் குளிக்கும் மூலையிலும் கீழ் மூன்றடியிலும் மட்டும் என்றால், அந்தப் பகுதியை உடைத்துத் திருத்தி மற்றதை விட்டுவிடலாம். நிறம் பொருந்தாது என்று கவலைப்படத் தேவையில்லை. கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம் என்று அமைத்தால் அதுவே அழகுதான். ஆனால் வெற்றுச் சத்தம் எங்கும் பரவியிருந்தாலோ, மறுபக்கச் சுவர் நனைந்திருந்தாலோ, தரை ஒழுகினாலோ, வெடிப்பு ஒரே கோடாக ஓடினாலோ பூச்சைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் புகுந்து நின்ற வீடுகளில் இச்சோதனைகளை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். விளக்கத்துக்காக மாத்திரம் சொல்லும் தொகை இது, சந்தை விலையல்ல. பூச்சுக்கு நாற்பதாயிரம், அது நான்கு வருடம் நிற்கும். உடைத்துச் செய்ய ஒரு இலட்சத்து அறுபதாயிரம், அது இருபது வருடம் நிற்கும். வருடக் கணக்கில் பூச்சுக்குப் பத்தாயிரம், மாற்றுவதற்கு எட்டாயிரம். நல்ல சுவரில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. கையில் காசு இல்லாதவர் பூச்சைத் தெரிவுசெய்வதில் நியாயம் உண்டு. ஆனால் நோயுள்ள சுவரில் பூச்சு ஒரு வருடத்தில் உரிந்தால், நாற்பதாயிரமும் போய், உடைக்கும் செலவும் மிஞ்சி நிற்கும். மலிவென்று நினைத்தது இரட்டைச் செலவாகிவிடும்.

“உடைக்கவும் வசதியில்லை, பூசவும் கூடாது என்றால் நாங்கள் என்னதான் செய்வது?” என்று கேட்பது நியாயமே. என் பதில் இதுதான்: டைல்ஸ் ஒரு கடமையல்ல. கழன்றதை அகற்றி, சுவரைக் காயவிட்டு, நீர் புகாத சீமெந்துப் பூச்சை இரு தடவை குறுக்கும் நெடுக்குமாகப் பூசி, அதைச் சுவரில் ஓரடி உயரத்துக்கேனும் ஏற்றி, ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்து நல்ல சீமெந்துத் தரை இடுங்கள். பதிப்பதாக இருந்தாலும் இதே வேலையை அடியில் முதலில் செய்தாக வேண்டும். டைல்ஸைப் பிறகு வசதி வரும்போது பதிக்கலாம். ஒழுகாத சீமெந்துத் தரை, ஒழுகும் பளிங்கை விட மேலானது. அடகு வைத்த நகையில் நிறம் மாற்றுவதை விட, இருக்கும் காசில் நீரை நிறுத்துவதே முதல் வேலை.

உயிருக்கும் ஒரு கணக்கு உண்டு

இத்தொழிலில் இறங்கும் நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை மெதிலீன் குளோரைட் கலந்த திரவத்தால் அகற்றிய 13 தொழிலாளர்கள் உயிரிழந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2012 இல் அறிவித்தது. காற்றோட்டமற்ற சிறு அறையில் அதன் ஆவி தேங்கியதே காரணம். 2019 இல் அங்கு பொதுமக்கள் பாவனைக்கான அத்தகைய பெயின்ட் நீக்கிகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. 2024 இல் தொழில் பாவனைகளில் பெரும்பாலானவையும் தடைசெய்யப்பட்டன. நமது குளியலறைகளின் யன்னல் ஒரு முழத்துக்கு மேல் இருப்பதில்லை. கதவைத் திறந்து, காற்றாடி வைத்து, வெளியே ஒருவர் நிற்காமல் இவ்வேலையைச் செய்யாதீர்கள். வீட்டிலுள்ளோரும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள்: ஆசிட்டையும் குளோரின் தூளையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்ற வேண்டாம். அதிலிருந்து எழுவது நச்சு வாயு.

வர்த்தகர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்

பள்ளிவாசலின் வுழு செய்யும் இடங்களை இப்போது பூச்சுப் பூசிப் புதுப்பிக்கும் ஆர்வம் காணப்படுகிறது. அங்கே ஒரு நாளில் ஐந்து வேளை நீர் ஓடுகிறது, காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. அது ஜமாஅத்தாரின் பணம். மதிப்பீட்டை விலை குறைந்தவரிடம் கொடுக்குமுன், தட்டிப் பார்த்தீர்களா என்று நிர்வாக சபை கேட்க வேண்டும்.

தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உள்ளே ஈரமுள்ள சுவருக்கு மேலே மினுக்கம் பூசி விற்பவர் அந்தச் சம்பவத்தைச் சற்று யோசித்துப் பார்க்கட்டும். ஈரத்தை வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு, அதன் பின்னும் அவர் பூசச் சொன்னால் அது அவருடைய தெரிவு. காட்டாமல் பூசினால் அது வியாபாரமல்ல.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. பூச்சு வேலை எடுக்கும் ஒவ்வொருவரும், விலை சொல்லுமுன் வீட்டுக்காரர் முன்னிலையில் சுவரைத் தட்டிக் காட்டுங்கள். வெற்றுச் சத்தம் கேட்ட டைல்ஸ் எத்தனை, பூச்சுக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பவற்றைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதித் தர மறுப்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள். இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போகலாம். ஆனால் செட்டிகுளம் போன்ற சிறிய ஊரில் உரிந்த பூச்சு ஒன்று பத்து வீட்டுக்குக் கதை சொல்லும். நேர்மையாக “இதற்குப் பூச்சுப் போதாது” என்று சொன்ன வாயும் அப்படியே ஊரெல்லாம் பேசப்படும்.