விலை தெரிகிறது, செலவு தெரிகிறதா?

வணிகச் சகோதரர்களே! லாரி வாங்கப் போகும் நீங்கள் ஷோரூம் விலையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்து விடுவீர்களா? டயர், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டிப் பார்க்காமல் கை நீட்ட மாட்டீர்கள்! அதே கண்ணோடு இதையும் பாருங்கள்.

2024 அக்டோபரில் அமெரிக்காவிடமிருந்து 31 எம்.க்யூ-9பி ஆளில்லா விமானங்கள் வாங்க மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. சுமார் 32,000 கோடி ரூபாய்! ஆயுதம், தரைக் கட்டுப்பாட்டு நிலையம், பராமரிப்பு ஏற்பாடு சேர்த்துத்தான். என்றாலும் ஒன்றுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் விழுகிறது.

2024-25 பாதுகாப்பு பட்ஜெட் 6.21 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கே 1.41 லட்சம் கோடி போய்விட்டது. (அது உழைத்தவர்களின் உரிமை, குறை சொல்வதற்கில்லை.) மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 1.72 லட்சம் கோடி. கப்பல், பீரங்கி, போர் விமானம் எல்லாம் அதற்குள்தான்!

ஒப்பந்தத்துக்கு முந்தைய மாதம் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பறந்த இதே ரக விமானம் சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. அது குத்தகை விமானம். நாளை சொந்த விமானம் விழுந்தால் நஷ்டம் யார் தலையில்?

இளைஞர்களே! 2011இல் அனுமதி பெற்ற நம் 'தபஸ்' 2016இல் முடிந்திருக்க வேண்டும். ராணுவம் கேட்டது 30,000 அடி உயரம், 24 மணி நேரம். அது எட்டியதோ 28,000 அடி, 18 மணி நேரம். கரையோரக் கண்காணிப்புக்கு அது போதாதா? சிலவற்றையாவது வாங்கிப் பறக்கவிட்டு, குறைகளைப் போகப் போகத் திருத்தியிருக்கலாம்.

உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள்: இந்த 31 விமானங்களையும் பறக்க வைக்க ஆண்டுக்கு எவ்வளவு? எந்தத் துறையின் பங்கில் கை வைத்து?