பார்க்கில் நாய்க்குத் தனி இடம்: சாமல்பட்டி, ஓசூர் மக்கள் கேட்டால் கிடைக்குமா?

'நாயை அவிழ்த்து விட்டா குழந்தைங்க எப்படி விளையாடும்?' என்கிறது ஒரு தரப்பு. 'வேற எங்கதான் ஓட விடுறது?' என்கிறது இன்னொரு தரப்பு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. பூங்காவின் ஒரு மூலையில் நாய்களுக்கென வேலி போட்ட இடம் இருந்தால் சண்டை பாதி குறையும்.

பயம் ஏன்?

2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இருந்த 5 வயது சிறுமியை 2 ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. அதன்பிறகு பூங்காவில் நாய் என்றாலே பெற்றோர் பதறுகிறார்கள்.

வேறு எங்கே இருக்கு?

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979-லேயே நாய்ப் பூங்கா வந்துவிட்டது. ஐதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில் 1.3 ஏக்கரில் ஒன்று திறந்தது.

நமக்குப் பக்கத்தில், ஓசூரில் இருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் உள்ள பெங்களூரு கப்பன் பார்க்கிலும் நாய்களுக்குத் தனி இடம் உண்டு. கயிறு இல்லாமல் விடுகிறார்கள், அசுத்தம் செய்கிறார்கள் என்ற புகார்களால், 2022 ஜூலை முதல் நாய்களுக்குத் தடை என்று தோட்டக்கலைத் துறை அறிவித்தது. நாய் வளர்ப்பவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தபின் தடை அமலாகவில்லை. இடம் கிடைத்தால் மட்டும் போதாது, விதியை நாமே காப்பாத்தணும் என்பதுதான் இதில் பாடம்.

யாரிடம் கேட்பது?

சாமல்பட்டி போன்ற ஊர்களில் கிராம சபை. ஆண்டுக்கு 6 முறை நடக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஓசூர் மாநகராட்சியில் வார்டின் பகுதி சபா.

இடம் ஏது? 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கணும். உங்க லேஅவுட்டில் அது எங்கே இருக்குன்னு முதலில் பாருங்க. செலவுக்கு 'நமக்கு நாமே' திட்டத்தையும் கேட்கலாம். அதில் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று.

மனுவில் என்ன எழுதணும்?

* ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கும்படி இரட்டைக் கதவு. அப்போதுதான் நாய் வெளியே ஓடாது.
* குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தூரம்.
* தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி.
* வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று இருந்தால் மட்டும் அனுமதி.

தெருநாய்கள்?

அது தனி விவகாரம். தெருநாய்க்கு உணவு வைக்கும் இடத்தைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி வைக்கணும் என்கின்றன 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். ரெண்டையும் ஒரே மனுவில் சேர்த்தால் குழப்பம்தான்.

கடைசியா ஒண்ணு: நாய் வளர்ப்பவர்களிடம் மட்டும் கையெழுத்து வாங்காதீங்க. நாயைக் கண்டு பயப்படுபவர்களிடமும் வாங்குங்க. அந்த வேலி அவர்களுக்கும்தான்.