அடித்த பெயர் திரும்ப வருவது எப்படி?

பொழிச்சலூரில் ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மேலே தாழப் பறக்கும் விமானச் சத்தத்துக்கு நடுவே பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியல் தயாராகிறது. ஒரே பட்டியல், மூன்று நோட்டு. வீட்டில் ஒன்று, பம்மல் அத்தையிடம் ஒன்று, அனகாபுத்தூர் மாமாவிடம் ஒன்று. இடையில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியவர் தவறிவிடுகிறார். வீட்டிலும் அத்தை நோட்டிலும் பெயரை அடித்துவிடுகிறார்கள். மாமா வெளியூரில். சில நாள் கழித்து, அடித்தல் திருத்தலாக இருக்கிறதே என்று இரண்டு நோட்டையும் புதிதாக எழுதுகிறார்கள். அடித்த தடயமே போய்விடுகிறது. ஊர் திரும்பிய மாமா, “என்ன, பெரியவர் பேரையே விட்டுட்டீங்க?” என்று அக்கறையாகத் திரும்ப எழுதிவைக்கிறார். இறந்தவர் பெயருக்குப் பத்திரிகை போகிறது.

ஆன்லைன் கடையில் கூடையிலிருந்து எடுத்துவிட்ட பொருள் மறுபடி தலைகாட்டினால், உள்ளே இப்படி ஒரு மாமா இருக்கலாம். 2007-ல் அமேசான் பொறியாளர்கள் தங்கள் ‘டைனமோ’ பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையே இதை ஒப்புக்கொள்கிறது. கூடையில் போட்ட பொருள் தொலையக் கூடாது. அதற்காக, நீக்கிய பொருள் எப்போதாவது எட்டிப்பார்த்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். வியாபாரிக்கு நஷ்டமில்லாத கணக்கு! அதை எழுதியவர்களில் ஒருவரான அவினாஷ் லக்ஷ்மன், பிறகு ஃபேஸ்புக்கில் பிரசாந்த் மாலிக்குடன் சேர்ந்து ‘கசாண்ட்ரா’வை உருவாக்கினார். 2008-ல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

கசாண்ட்ராவில் டெலிட் என்றால் உடனே அழிப்பது இல்லை. ‘இது செத்துவிட்டது’ என்று நேரம் போட்டு ஒரு குறி வைப்பதுதான். அதன் பெயரே டூம்ஸ்டோன், கல்லறைக்கல். மாற்றாமல் விட்டால் அதன் ஆயுள் 8,64,000 விநாடி, அதாவது 10 நாள். அதற்குப் பிறகு குறியும் துடைக்கப்படலாம். ஒரு சர்வர் கொஞ்ச நேரம் படுத்துவிட்டால் மற்றவை அதற்கான சேதியைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால், வழக்கமாக 3 மணி நேரத்துக்கு மட்டும். அதற்கு மேல் போனால் ‘ரிப்பேர்’ ஓட்டி நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். 10 நாளுக்குள் அது நடக்காவிட்டால், பழைய தகவல் எழுந்து வந்து மற்ற நகல்களுக்கும் பரவும்.

அழித்தது திரும்பத் தெரிந்தால், அதே கேள்வியை ஒரு நகலிடம் கேட்காமல் பெரும்பான்மை நகல்களிடம் கேட்டுப் பார்ப்பார்கள். பதில் மாறினால், பின்தங்கிய நகல் ஒன்று இருக்கிறது, குறி இன்னும் துடைக்கப்படாமல் இருந்தால் ரிப்பேர் போதும். எல்லா நகலிலும் ஏற்கெனவே பரவிவிட்டதா? திரும்ப டெலிட் செய்வதைத் தவிர வழியில்லை. பலர் மறப்பது கடிகாரத்தை. எழுதிய கணினியின் நேரம் முன்னால் ஓடியிருந்தால், பிறகு வந்த டெலிட் பழையதாகக் கருதப்பட்டுத் தோற்றுவிடும்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அதனால் இது இனி கூடையோடு நிற்கிற சமாசாரம் இல்லை.

10 நாளுக்கு மேல் தூங்கிய சர்வரை அப்படியே எழுப்பிச் சேர்ப்பதில்லை. அதிலிருப்பதை மொத்தமாகத் துடைத்து, மற்றவற்றிலிருந்து புது நகல் கொடுப்பார்கள். மாமாவின் பழைய நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு புதியதைக் கையில் கொடுப்பதுபோல.