டயர் அளவைப் பாரம் சொல்லட்டும்!



லாரியைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பெரும்பாலோர் எஞ்சினைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை குதிரைசக்தி, எத்தனை கியர், டர்போ இருக்கா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்த எஞ்சினின் சக்தி கடைசியில் தரையைத் தொடும் இடம் எது? ஒவ்வொரு டயருக்கும் ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தக அகலம்தான்! பிரேக் பிடிப்பதும் அந்த இடத்தில்தான், வளைவில் வண்டி நிற்பதும் அந்த இடத்தில்தான். அதைப் பற்றி மட்டும் "டயர்தானே, கடைக்காரர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுகிறோம்.

டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு டயர் அளவையும் ரிம் அளவையும் தேர்ந்தெடுப்பது கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து. இன்றைக்கு அதை விலையும் பழக்கமும் பக்கத்து வண்டியும் முடிவு செய்கின்றன. அச்சின் மேல் விழும் பாரம்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் டிப்ளமோ படிக்கும் நாம். ஆகவே பொறுப்பும் நம்முடையதுதான்.

டயரிலேயே எழுதியிருக்கு!

டயரின் பக்கச்சுவர் ஒரு பாடப் புத்தகம். படிப்பவர்தான் இல்லை. 10.00-20 என்று இருந்தால் அகலம் சுமார் 10 அங்குலம், ரிம்மின் விட்டம் 20 அங்குலம். இது டியூப் போடும் பழைய ரகம். 295/80 ஆர் 22.5 என்று இருந்தால் அகலம் 295 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், 'ஆர்' என்றால் ரேடியல், ரிம் விட்டம் 22.5 அங்குலம். அந்த அரை அங்குலத்தைப் பார்த்தாலே இது டியூப் இல்லாத டயருக்கான ரிம் என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது அடுத்து வரும் எண். உதாரணமாக 152/148 எம். இதுதான் பாரக் குறியீடு. 152 என்றால் ஒற்றையாகப் போடும்போது அந்த டயர் 3550 கிலோ தாங்கும். 148 என்றால் ஜோடியாகப் போடும்போது ஒவ்வொன்றும் 3150 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேக அளவு: கே என்றால் 110 கி.மீ., எம் என்றால் 130 கி.மீ. இத்தனையும் குறித்த காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே செல்லும். காற்று குறைந்த டயருக்கு இந்த எண்கள் பொருந்தாது.

"16 பி.ஆர்." என்று இருப்பதைப் பார்த்து உள்ளே 16 அடுக்கு நூல் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது வலிமையைக் காட்டும் ஒரு குறியீடு. பருத்தி நூல் காலத்தில் அடுக்குகளை எண்ணியதால் வந்த பெயர், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு

தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் இழுத்து வரும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன்னால் ஒரு அச்சு, 2 டயர். பின்னால் இழுக்கும் அச்சு ஒன்று, 4 டயர். டிரெய்லரில் மூன்று அச்சு, 12 டயர். ஆக மொத்தம் 18 டயர்.

2018 ஜூலைக்கு முன் சட்டம் அனுமதித்த எடை: முன் அச்சு 6 டன், இழுக்கும் அச்சு 10.2 டன், டிரெய்லர் மூன்று அச்சுக்கும் சேர்த்து 24 டன். கூட்டினால் 40.2 டன். 2018 ஜூலையில் மத்திய அரசு இதை உயர்த்தியது. முன் அச்சு 7 டன், இழுக்கும் அச்சு 11.5 டன், டிரெய்லர் 27 டன். மொத்தம் 45.5 டன்.

இப்போது வகுத்துப் பாருங்கள். பழைய கணக்கில் ஒரு டயருக்கு முன்னால் 3000 கிலோ, இழுக்கும் அச்சில் 2550 கிலோ, டிரெய்லரில் 2000 கிலோ. புதிய கணக்கில் 3500, 2875, 2250.

146/143 என்று குறித்த ஒரு டயரை இந்த வண்டிக்குப் போட்டால் என்ன ஆகும்? 146 என்றால் ஒற்றைக்கு 3000 கிலோ. 143 என்றால் ஜோடியில் 2725 கிலோ. பழைய எடைக்கு முன்னால் இம்மி பிசகாமல் சரி, பின்னாலும் சரி. புதிய எடைக்கு? முன் டயர் ஒவ்வொன்றிலும் 500 கிலோ அதிகம்! இழுக்கும் அச்சில் டயருக்கு 150 கிலோ அதிகம்! டிரெய்லரில் மட்டும் தாராளமாகத் தாங்கும். அதே இடத்தில் 152/148 டயர் போட்டால் மூன்று இடத்திலும் தாங்குகிறது.

அரசு ஒரே நாளில் அச்சு எடையை உயர்த்திவிடலாம். ஆனால் ரப்பரும் நூலும் அரசாணையைப் படிப்பதில்லையே! 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 58ஆவது பிரிவே, டயரின் எண்ணிக்கை, தன்மை, அளவு ஆகியவற்றைக் கருதித்தான் எடையை நிர்ணயிக்கச் சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா?

பெரிய டயர் போட்டால் தீர்ந்ததா?

"அப்படின்னா எதுக்கு வம்பு, இருக்கிறதிலேயே பெரிய டயரா போட்டுருவோம்" என்று ஒரு கட்சி உண்டு. அதுவும் தப்பு.

295/80 ஆர் 22.5 டயரின் விட்டம் கணக்குப்படி சுமார் 1044 மில்லிமீட்டர். 315/80 ஆர் 22.5 டயருக்கு சுமார் 1076. வித்தியாசம் 3 சதவீதம். ஹவுசிங்கில் கிரவுனும் பினியனும் மாறாமல் டயர் மட்டும் உயர்ந்தால், சக்கரத்தின் இழுவிசை அதே 3 சதவீதம் குறையும். விசை என்பது முறுக்குத்திறனை ஆரத்தால் வகுத்தால் வருவது என்று முதல் வருடத்திலேயே படித்தோமே, அதுதான். இழுவை மட்டுமா? பிரேக்கும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அதே பிரேக் டிரம், அதே காற்று, ஆனால் தரையில் கிடைக்கும் பிடி 3 சதவீதம் குறைவு. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62க்குப் பக்கத்தில் ஓடும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் கணவாயில் 45 டன்னோடு இறங்கும்போது தெரியும்.

அதோடு 315 டயருக்கு 9 அங்குல அகல ரிம் வேண்டும். இருக்கிற குறுகிய ரிம்மில் திணிக்கக் கூடாது. ரிம்மை மாற்றினால் போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவற்றின் வட்டம், நடுத்துளை, ரிம்மின் பாரத் தாங்குதிறன் எல்லாம் பொருந்த வேண்டும். அகலமான டயரைப் பழைய இடைவெளியிலேயே ஜோடியாக மாட்டினால், பாரம் ஏறியதும் இரண்டின் பக்கச்சுவரும் ஒன்றையொன்று உரசும். உரசினால் சூடு, சூடு ஏறினால் வெடிப்பு.

சின்ன டயருக்கும் இடம் உண்டு. பெரிய எந்திரம் ஏற்றும் தாழ்வான டிரெய்லர்களில் 17.5 அங்குலச் சக்கரம் போடுகிறார்கள். மேடை தாழ வேண்டும் என்பதற்காக. அதற்கு ஈடாக டயர் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். அங்கேயும் முடிவு செய்தது பாரமும் உயரமும்தான்.

ஜோடியில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு

நெடுஞ்சாலையில் அதிகம் பார்க்கும் தவறு இது. வெளிப்பக்கம் புது டயர், உள்பக்கம் தேய்ந்த டயர். பார்வைக்கு அழகு! ஆனால் இரண்டும் ஒரே அச்சில் ஒரே சுற்றுதான் சுற்ற முடியும். உயரமான டயர் பாரத்தில் பெரும்பங்கைத் தூக்கும், குட்டை டயர் தரையில் இழுபட்டுத் தேயும். இரண்டுமே சீக்கிரம் போகும். நைலானும் ரேடியலும் ஒரே அச்சில் கலக்கவே கூடாது. இரண்டு இழுக்கும் அச்சு உள்ள வண்டியில் ஒரு அச்சுக்கு ஒரு உயரம், இன்னொன்றுக்கு வேறு உயரம் என்றால் நடு டிபரன்ஷியல் நேர்ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்து சூடேறும்.

20 அங்குல ரிம்மில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அது பறந்து வந்து ஆளையே அடித்துவிடும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். எத்தனை கடையில் கூண்டு இருக்கிறது? 22.5 ரிம் ஒரே துண்டு, லாக் ரிங்கே கிடையாது. விலை கூடினாலும் அந்தப் பஞ்சர் கடைப் பையனின் உயிரையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஏட்டுச் சுரைக்காயா?

"முப்பது வருஷம் வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கையால் தட்டியே காற்றின் அளவைச் சொல்லும் டிரைவர் அண்ணன்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்துக்கு முன் நாம் சின்னப் பிள்ளைகள். ஆனால் அந்த அனுபவம் கிடைத்தது பழைய எடையில், பழைய ரோட்டில், பழைய வேகத்தில். நாலுவழிச் சாலையில் மணிக்கணக்காக நிற்காமல் ஓடும்போது டயருக்குள் ஏறும் சூட்டைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஓனர்களின் கஷ்டமும் தெரியும். 18 டயரும் ஒரே அளவாக இருந்தால் ஒரு ஸ்டெப்னி போதும், மாற்றி மாற்றிப் போடலாம் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒரே அளவை, அதிகப் பாரம் தாங்கும் முன் டயரை வைத்து முடிவு செய்யுங்கள். முன்னால் ஓடித் தேய்ந்தது டிரெய்லருக்குப் போகலாம். டிரெய்லரில் கிடந்தது ஒருநாளும் முன்னால் வரக் கூடாது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் டிரைவர் கையில் இருக்காது.

ஓவர்லோடு ஏற்றினால் இந்தக் கணக்கெல்லாம் வீண். மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் எல்லை ஒன்று உண்டு என்று வலியறிதல் அதிகாரத்திலேயே வள்ளுவர் எச்சரித்துவிட்டார். நாம் ஏற்றுவதோ இரும்புக் கம்பி!

நாம் செய்யக் கூடியது

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எங்கள் தெருவில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் பலருக்கு டயரில் இருக்கும் ஆங்கில எழுத்து வெறும் கோடுதான். ஆனால் டயர் வெடித்தால் ஆஸ்பத்திரியில் கிடப்பது அவர்கள்தான். எழுதியவர் கம்பெனியில் இருக்கிறார், சட்டம் போட்டவர் டில்லியில் இருக்கிறார். நடுவில் நின்று தமிழில் படித்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பாரக் குறியீடு 140 முதல் 156 வரை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோ என்று தமிழில் ஒரு பக்க அட்டை அச்சடிப்போம். அதன் பின்பக்கம் எடை பார்க்கும் வழியைப் போடுவோம். எடை மேடையில் முதலில் முன் அச்சை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு இழுக்கும் அச்சு வரை ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழித்தால் ஒவ்வொரு அச்சின் பாரமும் வந்துவிடும், டயர் எண்ணிக்கையால் வகுத்தால் விடை கையில். அந்த அட்டையை பைபாஸ் ரோட்டில் உள்ள பஞ்சர் கடைகளில் நாமே போய் ஒட்டுவோம்.

கூட்டலும் கழித்தலும் வகுத்தலும்தான் இதற்கு வேண்டும். படித்தவன் போடாத கணக்குக்கு ரோட்டில் விலை கொடுப்பவன் படிக்காதவன். அந்தக் கணக்கை நாம் போடுவோம் நண்பர்களே!