நியாயம் கேட்கும் காணொளிக்குப் பின்னணி இசை எதற்கு?



இன்று நம் வீடுகளில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது. அநியாயம் நடந்தால் நம் பிள்ளைகள் முதலில் செய்வது படம் பிடிப்பதுதான். நல்லது, அதை வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. 2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் நம்மவர்மீது கண்ணீர்ப்புகை பாய்ந்ததை உலகம் பார்த்ததில், சாதாரண மக்கள் கையிலிருந்த கேமராவுக்கும் பங்குண்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று மகிழ்கிறீர்களே, அந்த லட்சத்தில் உங்கள் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி இருந்தாரா?

2005-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா போலீஸ் காவலில் ஒரு பெண்ணை ஆடையின்றித் தோப்புக்கரணம் போட வைத்த கைத்தொலைபேசிக் காட்சி, அவ்வாண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் அம்பலமானது. அப்போது டிக்டோக் கிடையாது, யூடியூப் பிறந்தே சில மாதங்கள்தான். ஆனாலும் அரசாங்கம் முன்னாள் தலைமை நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அந்தத் தோப்புக்கரண முறையைக் கைவிட வேண்டும் என்று ஆணையமும் சொன்னது. இதுவரை வெற்றிதான். ஆனால் அந்தப் பெண் சீன நாட்டவர் என்றே நாடு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. அமைச்சர் ஒருவர் சீனாவுக்கே போய் வந்தார்! கடைசியில் ஆணையத்தின் முன் வந்து நின்றவர் நம் நாட்டு மலாய்ப் பெண். யார், எங்கே, எப்போது என்பதைக் காட்சி தானாகச் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

தோட்ட வீட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லையா? சோகப் பாட்டைப் போட்டு, அம்மா அழுவதைக் காட்டித் தொடங்காதீர்கள். குழாயைத் திறந்து காட்டுங்கள். வறண்ட குழாய்தான் பார்ப்பவர் விரலை நிறுத்தும். அடுத்த வாக்கியத்திலேயே தோட்டத்தின் பெயர், மாவட்டம், தேதி, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்பது வரட்டும். தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. அதைக் கவனிக்க வேண்டியது தொழிலாளர் இலாகா. இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இவ்வளவும் ஒரு நிமிடத்தில் அடங்கும்.

மலாய்மொழியிலும் பேசுங்கள், குறைந்தது எழுத்திலாவது போடுங்கள். சிலருக்கு இது கசக்கும், எனக்குத் தெரியும். தமிழில் மட்டும் பேசினால் நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டு இருப்போம். கோப்பு இருக்கும் மேசைக்கு அது போகாது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடையாள அட்டை இல்லாத பிள்ளையின் முகத்தைக் காட்டி அனுதாபம் தேடுகிறோம். நாளை அதே பிள்ளை பள்ளியில் எப்படித் தலைநிமிரும்? (அரிசி மூட்டையைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கும் பெரிய மனிதர்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.) குற்றத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது 2001 சிறார் சட்டத்தின்படி குற்றம். கையையோ, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தையோ காட்டுங்கள். அடையாள எண்களை மறைத்துவிடுங்கள்.

கோபத்தில் இனத்தையோ மதத்தையோ இழுத்துப் பேசிவிட்டால், குழாய் மறந்துபோய் உங்கள் பேச்சே வழக்காகிவிடும். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவுக்கு 2025 பிப்ரவரி முதல் தண்டனை 500,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தம்பி அப்பாவின் கணக்கிலிருந்து போட்டாலும் பதில் சொல்லப்போவது அப்பாதான். பெயர் யாருடையதோ அவரே வெளியிட்டதாக ஊகிக்கச் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. இல்லையென்று காட்டும் சுமை அவர் தலையில்.

வெட்டி ஒட்டியதை டிக்டோக்கில் போடுங்கள். வெட்டாத மூலப் பதிவை அழிக்காமல், எடுத்த கைத்தொலைபேசியிலேயே வைத்திருங்கள். வாட்சாப்பில் அனுப்பிய நகல் அதற்கு ஈடாகாது. வேறு இடத்திலும் ஒரு பிரதி இருக்கட்டும். பிறகு புகார்க் கடிதத்தோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போய், உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரையும் தேதியும் உங்கள் அடுத்த காணொளியில் முதலில் வரட்டும்.