கண்ணாடித் தகட்டில் விண்மீன்கள்



வைகாசி இறுதியில், இரவு ஒன்பது மணி அளவில், முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்று வடக்கே செம்பொன் நிறத்தில் ஒரு விண்மீன் ஒளிரும். அதுவே சுவாதி. நம் பாட்டனார் கண்ட இடத்திலேயே அது இன்றும் நிற்கிறது என்று நம் கண் சொல்லும். கண் சொல்வது உண்மையன்று. 1718ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹாலி, பண்டைக் கிரேக்கர் குறித்துவைத்த இடங்களோடு தம் காலத்து இடங்களை ஒப்பிட்டு, சுவாதி, ரோகிணி, சிரியஸ் ஆகியவை நகர்ந்திருப்பதைக் கண்டார். நிலவின் அகலமளவு நகர்வதற்குச் சுவாதிக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் ஆகின்றன. வேகமாக நகர்வனவற்றுள் ஒன்றுக்கே இந்நிலை என்றால், மற்றவற்றின் நடையை என்னென்பது!

ஆகவே ஒரு விண்மீனின் போக்கை அறிய இரு காலத்து அளவுகள் வேண்டும். இன்று எத்துணை நுட்பமான கருவி இருந்தாலும், கடந்துபோன இரவை அதனால் அளக்க இயலாது. அன்றே யாரேனும் அளந்து எழுதிவைத்திருக்க வேண்டும்.

1887இல் பாரிஸ் நகரில் கூடிய வானியலார், வானம் முழுவதையும் பங்கிட்டுக்கொண்டு நிழற்படம் எடுத்து, விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிடத் தீர்மானித்தனர். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் புதுப்பித்து நிறுவிய வத்திக்கான் வானாய்வு நிலையமும் ஒரு பங்கை ஏற்றது. நம் நாட்டின் ஹைதராபாத் நிஜாமியா நிலையமும் பின்னர் இப்பணியில் சேர்ந்தது.

படம் எடுப்பதைவிட அளப்பதே பெரும்பாடு. சுவாதி ஓராண்டில் நகரும் தொலைவு, அக்கண்ணாடித் தகட்டில் ஒரு மில்லிமீட்டரின் இருபத்தைந்தில் ஒரு பங்குதான்! வத்திக்கான் நிலையத்தின் தலைவரான யேசு சபைக் குரு ஹாகன் அடிகளார், இதற்குக் குழந்தை மரியாள் சபைக் கன்னியரின் உதவியை நாடினார். அவர்கள் வானியல் கற்றவர்கள் அல்லர். சாய்வாக வைத்த தகட்டை உருப்பெருக்கியில் நோக்கி ஒருவர் எண்களை உரக்கச் சொல்ல, மற்றொருவர் பேரேட்டில் எழுதினார். 1910 முதல் 1921 வரை இவ்வாறு அவர்கள் அளந்த விண்மீன்கள் 4,81,215. செபமாலை மணிகளை உருட்டிப் பழகிய விரல்களுக்கும் இது சலிப்பூட்டியிருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

பின்னர் அப்பேரேடுகள் பழங்கணக்காக ஒதுங்கின. 1989இல் ஐரோப்பியர் ஏவிய ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் விண்மீன்களின் இடங்களை மிக நுட்பமாக அளந்தது. ஆனால் அது இயங்கியது சில ஆண்டுகளே. அதற்குள் பெரும்பாலான விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்திருக்கும்? அப்போதுதான் பழைய பட்டியல்களின் நினைவு வந்தது. பல நிலையங்களின் அவ்வளவுகளோடு செயற்கைக்கோளின் அளவுகளை ஒப்பிட்டு, 25 லட்சம் விண்மீன்களின் நகர்வை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அளந்த கன்னியரின் பெயர்களோ மறைந்தே கிடந்தன. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டும்போது, எழுதியவர் யாரென்று அறியாமல் கையெழுத்தை மட்டும் வியப்பது என் வழக்கம். வத்திக்கான் நிலையத்தின் ஆவணங்களை ஒழுங்குபடுத்திய மாஃபெயோ அடிகளாருக்கு அதனினும் நற்பேறு வாய்த்தது. அவர் கண்டெடுத்த பெயர்கள் 2016இல் வெளிவந்தன: எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலொம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜா பன்செரி.