யார்மீது திரும்ப வேண்டும் நம் கோபம்?

2021 மே 10ஆம் நாள் இரவு திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் லாரி தாமதமாயிற்று. 11 கொரோனா நோயாளிகள் மாண்டார்கள் என்பது அன்றைய சித்தூர் மாவட்ட நிர்வாகம் தந்த கணக்கு. இறந்தோர் அதைவிட அதிகம் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். கொதித்துப்போன உறவினர்கள் சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் புகுந்து கருவிகளை உடைத்தார்கள். நர்சுகளும் டாக்டர்களும் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். போலீஸ் வந்த பிறகே திரும்பினார்கள்.

அந்தக் கோபம் நியாயமானதா? நியாயமானதே. பெற்றவரும் பிள்ளையும் கண்ணெதிரே மூச்சுத் திணறும்போது யாருக்குத்தான் நெஞ்சு கொதிக்காது? ஆனால் அது போய் விழுந்த இடம் எது? டேங்கருக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர் வார்டு நர்ஸ் அல்ல. ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் அந்த இரவில் கண்ணில் படவில்லை. கைக்கு எட்டியவர் நர்ஸ்தான். அவர் ஓடி ஒளிந்த நேரத்தில், அதே வார்டில் உயிரோடு கிடந்த மற்ற நோயாளிகளுக்கு யார் துணை?

2024 ஆகஸ்ட் 24 அன்று அதே திருப்பதியில், ஸ்விம்ஸ் மருத்துவமனையில், பணியிலிருந்த இளம் பெண் டாக்டரின் தலைமுடியைப் பின்னாலிருந்து பற்றி இழுத்து, கட்டில் கம்பியில் மோதினான் ஒரு நோயாளி. கல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் டாக்டர் கொலையுண்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வார்டில் காவலர் எவரும் இல்லை என்று அந்த டாக்டர் புகாரில் எழுதினார். இளம் டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

அந்தக் காட்சி கைபேசிதோறும் பரவியது. இப்படிப்பட்ட ஒவ்வொரு சம்பவத்தின்போதும் இரண்டு குரல்கள் எழுகின்றன. "டாக்டர்களுக்கு இது வேண்டும்" என்பது ஒன்று. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில், நோயாளியின் மகன் புற்றுநோய் டாக்டரைக் கத்தியால் குத்தியபோதும், குத்தியவனுக்குப் பரிந்து பேசியவர்கள் உண்டு. "அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கூட்டமே முரட்டுக் கூட்டம்" என்பது மற்றொன்று. தோழர்களே, இரண்டுமே உழைப்பவரை உழைப்பவரோடு மோதவிடும் குரல்கள். ஆள் போடாதவர்களையும் காவல் வைக்காதவர்களையும் இரண்டுமே கேள்வி கேட்பதில்லை.

ஆந்திராவில் 2008ஆம் ஆண்டிலிருந்தே மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்றாண்டுவரை சிறை என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும், ஸ்விம்ஸ் வார்டில் அன்று காவலர் இல்லை!

பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்த நமக்கு அரசு ஆஸ்பத்திரியை விட்டால் வேறு கதியில்லை. தெலுங்கில் சொல்வது பாதி புரியும், பாதி புரியாது. நோயாளியின் நிலையை நின்று விளக்கவும் ஆளில்லை. அந்தப் புரியாமையிலிருந்தும் கோபம் பிறக்கிறது. இரவெல்லாம் நிற்கும் நர்சும், பெருக்கும் தாயும், ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணனும் நம்மைப் போன்ற கூலிக்காரர்களே. அவர்கள் பயந்து வேலையை விட்டுப் போனால் முதலில் சாவது நம் வீட்டு நோயாளிதான்.

எனவே கேட்க வேண்டியதைக் கேட்போம்: ஒவ்வொரு வார்டிலும் போதிய நர்சுகள், இரவுக் காவல், உறவினருக்கு நாள்தோறும் நிலைமை சொல்லும் ஆள், தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கும் விசாரணை மேசை. அடிக்கும் காட்சியைக் கைதட்டி அனுப்புவதை நிறுத்துவோம். தவறு நடந்தால் பெயரும் தேதியும் குறித்து, பத்துப் பேராய்ச் சேர்ந்து கலெக்டரிடம் மனுவோடு போவோம். நம் கோபம் போக வேண்டிய வாசல் அதுவே!